மின்ஊழியர் மீது கை வைத்தால் என்ன தண்டனை, அதை உயர்த்தினால் என்ன ஆகும்?

கேள்வி சுருக்கமாக இதுதான். கட்டணம் கட்டாத வீட்டில் இணைப்பைத் துண்டிக்கப் போன மின்ஊழியரை வீட்டுக்காரர்கள் அடித்துவிட்டார்கள். இப்படி அடிப்பவர்களுக்கு 10 ஆண்டுச் சிறை என்று சட்டம் வந்தால்தான் அடங்குவார்கள் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். இது சரியா, இப்போது சட்டத்தில் என்ன இருக்கிறது?

அடித்தவர்களுக்காக வாதாடியும், அடிபட்டவர்களுக்குப் புகார் எழுதிக் கொடுத்தும் பழகிய வழக்கறிஞன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். தண்டனை குறைவாக இருக்கிறது என்ற ஆதங்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் அதை மட்டும் உயர்த்தினால் பெரிதாக ஒன்றும் மாறாது. ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது: இந்தச் சட்டம் யாரைக் காக்கிறது, யாரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது என்பதில். ஆண்டுக்கணக்கைப் பேசுகிறவர்கள் அதைப் பேசுவதில்லை.

முதலில் இருப்பதைப் பார்த்துவிடலாம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பொது ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுக்கும் நோக்கத்தோடு தாக்கினால் அதன் 132ஆவது பிரிவு பாயும்: 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். "அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்த வழக்கில் கைது" என்று நாளிதழில் படிக்கிறோமே, பெரும்பாலும் இதுதான், பழைய தண்டனைச் சட்டத்தின் 353ஆவது பிரிவு. காயம் ஏற்பட்டால் 121(1), அதற்கு 5 ஆண்டு வரை. பழைய சட்டத்தின் 332இல் இது 3 ஆண்டாக இருந்தது. புதிய சட்டம் ஓசைப்படாமல் உயர்த்தியிருக்கிறது. கொடுங்காயம் என்றால் 121(2): குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு, கூடவே அபராதம். கொடுங்காயம் என்பதற்கு ஆள் சாகக் கிடக்க வேண்டியதில்லை. ஓர் எலும்பு முறிந்தால் போதும், ஒரு பல் உடைந்தால் போதும், 15 நாள் அன்றாட வேலைகளைச் செய்ய முடியாமல் போனாலும் போதும். ஆக, 10 ஆண்டு கேட்பவர்களுக்கு முதல் பதில்: ஏணியை இழுத்துவிட்டு லைன்மேனின் கையை ஒடித்தவனுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது.

132ஆவது பிரிவில் பலர் கவனிக்காத ஒரு பகுதியும் உண்டு. கடமையைச் செய்துகொண்டிருக்கும்போது அடித்தால் மட்டும்தான் குற்றம் என்பதில்லை. சட்டப்படி செய்த கடமைக்குப் பழிவாங்கும் விதமாகப் பிறகு அடித்தாலும் அதே பிரிவு பொருந்தும். காலையில் பீஸ் கட்டையைப் பிடுங்கியவரை மாலையில் டீக்கடையில் மடக்கி அடித்துவிட்டு, "அப்போது அவர் டியூட்டியில் இல்லை" என்று தப்பித்துவிட முடியாது. அதே சமயம் வெறும் வசவு இந்தப் பிரிவுக்குள் வராது. போக்குவரத்துக் காவல்துறையின் முகநூல் பக்கத்தில் கடுமையாக எழுதியவர்கள் மீது போட்ட வழக்கை 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது (மாணிக் தனேஜா வழக்கு). தாக்குதலோ பலப்பிரயோகமோ இல்லாமல் 353 இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். திட்டுபவர்களைச் சமாளிக்க ஆபாசமாகப் பேசியது, கொலை மிரட்டல் விடுத்தது என்று வேறு பிரிவுகள் இருக்கின்றன. அவற்றை முதல் தகவல் அறிக்கையில் தாராளமாகவே சேர்ப்பார்கள்.

தண்டனை குறைவு என்ற ஆதங்கத்தில் நியாயம் உண்டு என்றேன். அதற்குக் காரணம் வேறொரு சட்டம். பொதுச் சொத்துகளுக்குச் சேதம் விளைவிப்பதைத் தடுக்கும் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3(2) பிரிவு, மின்சாரமும் தண்ணீரும் உற்பத்தி செய்வதற்கோ வழங்குவதற்கோ பயன்படும் கட்டடத்தையோ கருவியையோ சேதப்படுத்தினால் குறைந்தது 6 மாதக் கடுங்காவல், அதிகபட்சம் 5 ஆண்டு என்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் மீது கல்லெறிந்து உடைத்தால், தனிக் காரணம் எழுதாமல் நீதிபதி 6 மாதத்துக்குக் கீழே இறங்க முடியாது. அந்த டிரான்ஸ்ஃபார்மரைச் சரிசெய்ய வந்தவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினால், ஒரு நாள் சிறைகூட இல்லாமல் அபராதத்தோடு அனுப்பலாம். எண்ணெய் ஊற்றிய இரும்புப் பெட்டிக்கு இருக்கும் மரியாதை மனிதனுக்கு இல்லை என்று ஊழியர்கள் கொதித்தால் அவர்கள் மீது தப்பு சொல்ல முடியாது.

சரி, அதற்காக 2 ஆண்டை 5 ஆண்டாக மாற்றினால் என்ன நடக்கும்? மாற்றத்தை முதலில் உணரப்போவது காவல் நிலையம். அங்கே நடப்பது பலர் எதிர்பார்ப்பதற்கு நேர் எதிரானது.

உயர்த்திவிட்டால் உடனே பிடித்து உள்ளே போடுவார்கள் என்று நினைக்கிறோம். 2014இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது தானாக நடக்கக் கூடாது, ஏன் தேவை என்று காவல் அதிகாரி எழுதியாக வேண்டும், தேவையில்லை என்றால் நோட்டீஸ் கொடுத்து அழைக்க வேண்டும். இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35ஆவது பிரிவில் இந்த முறை இருக்கிறது. 2 ஆண்டுக் குற்றமும் 5 ஆண்டுக் குற்றமும் இந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம்தான். கைதில் ஒரு மாற்றமும் வராது.

அடுத்ததுதான் வேடிக்கை. அதே சன்ஹிதாவின் 173(3) என்ன சொல்கிறது என்றால், 3 ஆண்டு முதல் 7 ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி.யின் முன்அனுமதியோடு, வழக்குப் பதிவதற்கு முன்பே 14 நாள் வரை முதற்கட்ட விசாரணை நடத்தலாம். 2 ஆண்டுத் தண்டனை உள்ள 132 அந்த வரம்புக்குள் வராது. புகார் வந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும், 2013ஆம் ஆண்டு லலிதா குமாரி தீர்ப்பின்படி. தண்டனையை 5 ஆண்டாக உயர்த்திய கணமே அந்தக் குற்றம் 14 நாள் வரம்புக்குள் வந்து விழுகிறது. உள்ளூர்ச் சமாதானங்கள் எல்லாம் நடக்கும் காலம் அந்த இரண்டு வாரம்தான். வார்டு கவுன்சிலர் பேசுவார், மருத்துவச் செலவைக் கொடுத்துவிடுகிறோம் என்பார்கள், நாளைக்கும் நீ இதே தெருவுக்குத்தானே வர வேண்டும் என்று ஒருவர் கரிசனமாக நினைவூட்டுவார். கடுமையாக்குகிறோம் என்ற பெயரில் பேரம் பேச நேரம் கொடுத்ததுதான் மிச்சமாகும்.

மகாராஷ்டிரத்தில் இது வெள்ளோட்டம் பார்க்கப்பட்டது. 353ஆவது பிரிவுக்கு மாநிலத் திருத்தம் கொண்டுவந்து தண்டனையை 5 ஆண்டாக உயர்த்தினார்கள், விசாரணையை செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு மாற்றினார்கள். 2018இல் நடைமுறைக்கு வந்தது. சில ஆண்டுகளில் கட்சி பேதமில்லாமல் சட்டமன்ற உறுப்பினர்களே எழுந்து, அதிகாரிகள் இதைத் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், கேள்வி கேட்கப் போனவர்கள் மீதெல்லாம் வழக்குப் போடுகிறார்கள் என்று குறை சொன்னார்கள். அரசும் மறுபரிசீலனை என்று பேச வேண்டியதாயிற்று. 2024இல் புதிய சட்டம் வந்தபோது பழைய சட்டத்தோடு அந்த மாநிலத் திருத்தமும் போய், மீண்டும் 2 ஆண்டு. அரசியல்வாதிகளின் புகாரை அப்படியே நம்ப வேண்டியதில்லைதான். ஆனால் செஷன்ஸுக்கு அனுப்புவது தாமதத்தை விலைக்கு வாங்குவது என்பதை எந்த மாவட்ட நீதிமன்றத்திலும் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்து பார்த்தால் தெரியும்.

இனி நான் ஓட்டை என்று சொன்ன இடம். இவ்வளவு நேரம் பேசிய 121, 132 எல்லாமே "பொது ஊழியர்" என்ற ஒரு வாசல் வழியாகத்தான் திறக்கும். யார் பொது ஊழியர்? அரசு ஊதியத்தில் இருப்பவர், உள்ளாட்சி ஊதியத்தில் இருப்பவர், சட்டத்தால் நிறுவப்பட்ட கழகத்தின் அல்லது அரசு நிறுவனத்தின் பணியிலோ ஊதியத்திலோ இருப்பவர். 1957இல் தொடங்கிய தமிழ்நாடு மின்சார வாரியம் 2010 நவம்பரில் நிறுவனங்களாகப் பிரிந்தது. 2024இல் இன்னொரு முறை பிரிந்து, இன்று நம் வீட்டுக்கு மின்சாரம் தருவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். அரசு நிறுவனம் என்பதால் அதன் நிரந்தர ஊழியர்கள், உதவிப் பொறியாளர் முதல் கள உதவியாளர் வரை, பொது ஊழியர்கள்தான். சென்னைக் குடிநீர் வாரியம் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்டது. அதன் ஊழியர்களுக்கும் சிக்கல் இல்லை.

ஒப்பந்தத் தொழிலாளி? அவருக்குக் கூலி தருபவர் ஒப்பந்ததாரர். அரசு நிறுவனத்தின் "பணியில்" அவர் இருக்கிறாரா என்பதுதான் எதிர்த்தரப்பு முதலில் எழுப்பும் கேள்வி. அந்தக் கேள்வியை நானே எழுப்பியிருக்கிறேன். ஒரே ஏணியை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போகிறார்கள்: ஒருவர் நிரந்தரக் கம்பியாளர், மற்றவர் ஒப்பந்தத்தில் வந்தவர். ஒரே வீட்டுக்காரர் இருவரையும் கன்னத்தில் அறைகிறார், இருவருக்கும் உதடு கிழிகிறது. கம்பியாளர் விஷயத்தில் அது 121(1): 5 ஆண்டு வரை, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம், ஜாமீனில் விடமுடியாத குற்றம். ஒப்பந்தத் தொழிலாளி விஷயத்தில், எதிர்த்தரப்பு வாதம் எடுபட்டால், அது சாதாரணக் காயத்துக்கான வெறும் 115(2): 1 ஆண்டு வரை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், ஜாமீன் உரிமை உண்டு, இருவரும் சமாதானமாகப் போய்விட்டால் வழக்கே முடிந்துவிடும். அதைவிட மோசம், அது மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகைக் குற்றம். காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். என்று ஒரு மனு ரசீதைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அந்த ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மறுநாள் கூலி போய்விடக் கூடாது என்று அவர் வேலைக்குப் போய்விடுவார். இவர்களுக்காகத்தான் சட்டம் கேட்கிறோம் என்றால், 5ஐ 10 ஆக்கினாலும் 20 ஆக்கினாலும் இவருக்கு அதில் ஒரு பைசா பயனில்லை.

தனியார் விநியோகம் உள்ள நகரங்களில் நிலைமை இன்னும் தெளிவு, அதாவது இன்னும் மோசம். டெல்லியில் 2002இல் மின் விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுத்தபோது 51 சதவீதப் பங்கு தனியாருக்கு, 49 சதவீதம் அரசுக்கு என்று பிரித்தார்கள். அரசு நிறுவனம் என்று சொல்லக் குறைந்தது 51 சதவீதம் அரசிடம் இருக்க வேண்டும். எனவே அங்கே கம்பத்தில் ஏறுபவர் இந்தப் பிரிவுகளுக்குப் பொது ஊழியர் இல்லை. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 169ஆவது பிரிவு, முறைகேடான மின் பயன்பாட்டைக் கணக்கிட்டு மதிப்பீடு செய்யும் அதிகாரியைப் பொது ஊழியராகக் கருத வேண்டும் என்கிறது. அவரோடு ஏணி சுமந்து போகிறவரைப் பற்றி மூச்சு விடவில்லை. ஊழல் தடுப்புச் சட்டத்தில் மட்டும் பொது ஊழியர் என்பதற்கு இலக்கணம் விரிவானது. பொதுக் கடமை ஆற்றும் பதவியில் இருந்தாலே போதும் என்பதால் தனியார் வங்கி அதிகாரிகளையே அதற்குள் கொண்டுவந்திருக்கிறது உச்ச நீதிமன்றம், 2016இல். ஆகவே தனியார் மின்நிறுவன ஊழியர் லஞ்சம் வாங்கினால் பொது ஊழியர் என்று வழக்குப் போட இடமுண்டு. அடி வாங்கினால் அவர் தனி ஆள்.

இதைச் சரிசெய்யப் புதிய தத்துவம் எதுவும் தேவையில்லை. வேண்டிய சொல் பாரதிய நியாய சன்ஹிதாவிலேயே இருக்கிறது. தற்காப்பு உரிமைக்கான வரம்புகளைச் சொல்லும் 37ஆவது பிரிவு, நல்லெண்ணத்தோடு செயல்படும் பொது ஊழியரை மட்டும் சொல்லி நிறுத்தாமல், "பொது ஊழியரின் உத்தரவின் பேரில்" செயல்படுபவரையும் சேர்த்துக்கொள்கிறது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய நிலை இல்லாதபோது, இவர்கள் செய்வது நூற்றுக்கு நூறு சட்டப்படி இல்லை என்றாலும் தற்காப்பு என்று சொல்லி அடிக்க உரிமை கிடையாது. அந்த ஒரு தொடரை 121, 132 பிரிவுகளில் சேர்த்துவிட்டால் ஒப்பந்தத் தொழிலாளி உள்ளே வந்துவிடுவார். மின்சாரம், குடிநீர், எரிவாயு விநியோக உரிமம் பெற்ற நிறுவனங்களின் களப்பணியாளர்கள் என்று இன்னொரு வரி சேர்த்தால் தனியார் ஊழியரும் வந்துவிடுவார். குற்றவியல் சட்டம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமே இதைச் செய்யலாம். மருத்துவத்துறையினருக்காகத் தமிழ்நாடு 2008இலேயே தனிச் சட்டம் போட்டது. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு என்று. அது தனியார் மருத்துவமனை ஊழியர்களையும் உள்ளடக்கியது என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும், ஆண்டுக்கணக்கை அல்ல. அந்தச் சட்டம் வந்த பிறகும் மருத்துவமனைகளில் கைகலப்பு நின்றுவிடவில்லை.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் இந்தச் சிக்கலை எளிதாகக் கடந்திருக்கிறார்கள். எரிவாயு, மின்சாரம், தண்ணீர், கேபிள், தொலைத்தொடர்பு இணைப்பைக் கொடுக்கவோ துண்டிக்கவோ பழுதுபார்க்கவோ வந்தவர் என்பது தெளிவாகத் தெரியும் நிலையில் அவரைத் தாக்கினால், சாதாரண அடிதடி கடுந்தாக்குதலாக உயர்ந்துவிடும். அவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்று சட்டம் கேட்பதில்லை, என்ன வேலையாக வந்தார் என்று கேட்கிறது. "தெளிவாகத் தெரியும் நிலையில்" என்ற நிபந்தனையும் முக்கியம். சீருடையும் அடையாள அட்டையும் கொடுக்கும் பொறுப்பு அதனால் நிறுவனத்தின் தலையில் விழுகிறது. நம் ஊரில் லுங்கியும் பனியனுமாக இரவில் தெருவோர மின்பெட்டியைத் (பில்லர் பாக்ஸ்) திறந்துகொண்டிருப்பவர் திருடனா மின்ஊழியரா என்று வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? பிரிட்டனில் அவசர சேவை ஊழியர்களைத் தாக்குவதற்கு 2018இல் 12 மாதம் என்று தனிச் சட்டம் வந்து, 2022இலேயே அதை 2 ஆண்டாக்கினார்கள். நான்கு ஆண்டில் இரட்டிப்பாக்க வேண்டி வந்தது என்பதே முதல் சட்டம் எந்த அளவுக்குப் பயமுறுத்தியது என்று சொல்லிவிடுகிறது. பொதுமக்களுக்குச் சேவை செய்பவர் எவரைத் தாக்கினாலும் தண்டனை அளவை முடிவு செய்யும்போது அதைக் கூடுதல் கடுமைக்குரிய காரணமாக நீதிபதி கொள்ள வேண்டும் என்றும் அதே 2022ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. எனக்கு அது இன்னும் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

இந்த வழக்குகள் நீதிமன்றத்தில் எப்படித் தோற்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தண்டனை எத்தனை ஆண்டு என்ற கேள்வி எழுவதற்கு முன்பே பல வழக்குகள் முடிந்துவிடுகின்றன. அடிபட்ட ஊழியர் அரசுத் தரப்பு முதல் சாட்சியாகக் கூண்டில் ஏறுகிறார். குறுக்கு விசாரணை பெரும்பாலும் அடியைப் பற்றி ஆரம்பிக்காது. அன்று அந்த வீட்டுக்குப் போக உங்களுக்கு உத்தரவு கொடுத்தது யார்? எழுத்தில் இருக்கிறதா? துண்டிப்புப் பட்டியலில் இந்த மின்இணைப்பு எண் இருக்கிறதா? பட்டியல் ஆவணமாகத் தாக்கலாகியிருக்கிறதா? நான் பார்த்த ஒரு வழக்கில் சாட்சி சொன்ன பதில், "மேலதிகாரி கைப்பேசியில் சொன்னார், போனேன்". மேலதிகாரி அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். அவரை யாரும் சாட்சியாகவே சேர்க்கவில்லை. அடிபட்ட ஊழியர் "கடமையில் இருந்தார்" என்பதே நிரூபணமாகவில்லை என்று 353 விழுந்தது. அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் பிறழ் சாட்சியானார்கள். அதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை, அதே தெருவில் வாழ வேண்டியவர்கள்.

அடுத்த கேள்வி நோட்டீஸ். மின்சாரச் சட்டத்தின் 56ஆவது பிரிவின்படி, கட்டணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்கக் குறைந்தது முழுமையான 15 நாள் எழுத்துப்பூர்வ அறிவிப்பு தேவை. பழுது பார்க்கவோ கருவியை அகற்றவோ உள்ளே நுழைய உரிமை தரும் 163ஆவது பிரிவிலும், நுகர்வோர் மறுத்தால் கதவைத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லவில்லை. 24 மணி நேர நோட்டீஸ் கொடுத்துவிட்டு, பிறகு இணைப்பைத் துண்டிக்கச் சொல்கிறது. மின்திருட்டுச் சோதனை என்றால் சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையில் வீட்டுக்குள் போக, அங்கே வசிக்கும் வயது வந்த ஆண் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்று 135ஆவது பிரிவு நிபந்தனை போடுகிறது. இந்த முறைகளை நிறுவனம் ஒழுங்காகக் கடைப்பிடித்திருந்தால் ஊழியர் பாறை மேல் நிற்கிறார். கடைப்பிடிக்கவில்லை என்றால், பிறகு வந்து பழிவாங்கியவர் விஷயத்தில் "சட்டப்படி செய்த கடமை" என்ற சொற்களைப் பிடித்துக்கொண்டு வழக்கறிஞர் விளையாடிவிடுவார். நோட்டீஸ் அனுப்பாத அலுவலகத்தின் சோம்பலுக்கு விலை கொடுப்பது வாசலில் நின்ற கள உதவியாளர்.

இன்னொரு தொழில்நுட்பக் குழியும் உண்டு. தாக்காமல் வழியை மறித்து நின்றவர் மீது 221ஆவது பிரிவு போடுவார்கள். 3 மாதம் வரை சிறை அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம். ஆனால் இந்தக் குற்றத்தை நீதிமன்றம் விசாரணைக்கு எடுத்துக்கொள்ள, சம்பந்தப்பட்ட பொது ஊழியரோ அவரது மேலதிகாரியோ நீதிமன்றத்துக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். போலீஸ் குற்றப்பத்திரிகை மட்டும் போதாது. இதைக் கவனிக்காமல் போட்ட வழக்குகள் உயர் நீதிமன்றத்தில் ரத்தாவது வாடிக்கை. 132க்கு அந்தத் தடை இல்லை; 1966இலேயே துர்காசரண் நாயக் வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய 353 விஷயத்தில் இதைத் தெளிவுபடுத்திவிட்டது.

எந்தச் சட்டமாக இருந்தாலும் நான் அதில் முதலில் தேடுவது காலவரம்பை. 2020இல் கொரோனா காலத்தில் தொற்றுநோய்கள் சட்டத்தைத் திருத்தியபோது மருத்துவப் பணியாளர்களைத் தாக்குபவர்களுக்கு 3 மாதம் முதல் 5 ஆண்டு, கொடுங்காயம் என்றால் 6 மாதம் முதல் 7 ஆண்டு என்று வைத்தார்கள். அது பெரிய தண்டனை இல்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும், 30 நாளில் விசாரணை முடிய வேண்டும், வழக்கு ஓராண்டுக்குள் முடிய முயல வேண்டும், சேதப்படுத்திய சொத்துக்குச் சந்தை மதிப்பைப் போல இரண்டு மடங்கு இழப்பீடு என்று சேர்த்தார்கள். தொற்றுநோய்க் காலத்துக்கு மட்டும் என்றில்லாமல், களத்தில் வேலை செய்யும் மின்ஊழியருக்கும் இது பொருந்தும்படி ஒரு சட்டம் வந்தால் நான் கைதூக்கி ஆதரிப்பேன்.

ஏன் அடிக்கிறார்கள் என்பதைத் தொடாமல் விட்டால் பதில் அரைகுறை. துண்டிப்பு, திருட்டுச் சோதனை, நீண்ட மின்தடை ஆகிய மூன்று நேரங்களில்தான் பெரும்பாலும் கைகலப்பு வருகிறது. முதல் இரண்டிலும் எதிரே நிற்பவருக்குத் தன் தப்பு தெரியும். சட்டத்துக்குப் பயப்பட வாய்ப்புண்டு. மூன்றாவது வேறு. 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். உற்பத்திப் பற்றாக்குறைக்குக் காரணமானவர்கள் யாரும் பிரிவு அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கவில்லை. இருந்தவர் இரவுப் பணி ஊழியர். ஏச்சும் தள்ளுமுள்ளும் அவருக்கு. 2018 நவம்பரில் கஜா புயல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, வெளிமாவட்டங்களிலிருந்து வந்து வயலில் இடுப்பளவு நீரில் நின்று கம்பம் நட்டவர்களை டெல்டா மக்கள் சோறு போட்டுக் கொண்டாடினார்கள். அதே நாட்களில் மின்சாரம் வராத ஊர்களில் மறியல் நடந்தது. மக்களின் குணம் ஒரு வாரத்தில் மாறிவிடவில்லை. எப்போது வரும் என்று சொல்ல ஆள் இருந்த ஊருக்கும் இல்லாத ஊருக்கும் இருந்த வித்தியாசம்தான் அதில் பாதி. மின்னகம் என்ற புகார் மையம் 2021இல் வந்த பிறகு, அலுவலகத் தொலைபேசியின் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்துவிடுகிறார்கள் என்ற பழைய ஆத்திரத்துக்காவது ஒரு வடிகால் கிடைத்திருக்கிறது. சிறைத் தண்டனை இந்த மூன்றாவது வகையில் வேலை செய்யாது. கோபத்தில் கூடி வந்தவன் சட்டப் பிரிவைக் கணக்குப் பார்த்துக் கை ஓங்குவதில்லை.

அதற்காக மின்ஊழியருக்குத் தனிப் பாதுகாப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கம்பத்தின் உச்சியில் கயிற்றால் தன்னைக் கட்டிக்கொண்டு, ஒரு கையில் கட்டிங் பிளேயரோடு நிற்பவரால் ஓடவும் முடியாது, குனியவும் முடியாது. கீழே ஏணியை அசைத்தாலே போதும். அவர் மேலே இருப்பது தெரிந்தே ஒருவன் சுவிட்சைப் போட்டுவிட்டால் அதை 132இல் அடக்கக் கூடாது. அது கொலை முயற்சி, பிரிவு 109. அப்படி நடந்த இடத்திலும் பணி செய்யவிடாமல் தடுத்தார் என்று மட்டும் எழுதி முடித்துவிட்டால் அதை ஊழியர் தரப்பு ஏற்றுக்கொண்டுவிடக் கூடாது.

சட்டம் மாறும் வரை காத்திருக்க முடியாதவர்களுக்குச் சில சொற்கள். அடிபட்டால் முதலில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தனியாரிடம் தையல் போட்டுக்கொண்டு மறுநாள் புகார் கொடுக்காதீர்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில், எத்தனை பேர், எதனால், எங்கே அடித்தார்கள் என்று நீங்கள் முதலில் சொல்லும் வாக்கியம்தான் பிறகு நீதிமன்றத்தில் உங்கள் புகாரோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படும். தெரிந்தவர் அடித்திருந்தால் பெயரைச் சொல்லிவிடுங்கள். "அடையாளம் தெரியாதவர்கள்" என்று அங்கே பதிவானால், அதற்குப் பிறகு பெயர் சொல்வது ஜோடனை என்பார்கள். புகாரை உதவிப் பொறியாளர் அலுவலக முகப்புத்தாளில் கொடுக்கட்டும், அன்றைய துண்டிப்புப் பட்டியலோ புகார்ப் பதிவேட்டின் பக்கமோ நகலாக அதோடு இணையட்டும். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் எந்த அதிகாரியின் உத்தரவின் பேரில், யாரோடு போனார் என்பதை அதே கடிதத்தில் அந்த அதிகாரி எழுதிக் கையெழுத்திட வேண்டும்; பொது ஊழியருக்கு உதவியாக வந்தவர் என்று வாதிட அது ஒன்றுதான் பிடி. காயத்துக்கு இழப்பீடும் தனி வழி: வேலையின்போது, வேலையின் காரணமாக வாங்கிய அடியும் விபத்தாகக் கருதப்படும். 1923ஆம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆவது பிரிவு ஒப்பந்ததாரரைத் தாண்டி முதன்மை நிறுவனத்தையே பொறுப்பாக்கியது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏற்பாடு தொடர்கிறது. இ.எஸ்.ஐ.யில் பதிவானவர் என்றால் அங்கே கேட்க வேண்டும். குற்ற வழக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு மனுப் போடலாம் என்று இருக்காதீர்கள். இழப்பீட்டு மனுவுக்கு 2 ஆண்டுதான் கெடு, அடித்தவர் மீதான வழக்கு அதற்குள் முடியாது.